கையால் நிறுவிய ஒரு தொகுதியும் நின்றுபோன சான்றிதழ்ப் புதுப்பிப்பும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நடுத்தர அளவுள்ள ஒரு நிறுவனத்தின் லினக்ஸ் சர்வரில் நடந்தது இது. சர்வரில் உபுண்டு 22.04 என்னும் லினக்ஸ் வழங்கல் (இயங்குதளத்தையும் மென்பொருள்களையும் சேர்த்துத் தருவது) இயங்கியது. சில இணையதளங்களும், நிறுவனத்தின் பிற பிரிவுகள் பயன்படுத்தும் ஓர் ஏபிஐயும் (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகம்) என்ஜின்எக்ஸ் என்னும் இணையச் சேவை மென்பொருள் மூலம் அதிலிருந்து வழங்கப்பட்டன. பாதுகாப்பான இணைப்புக்குத் தேவையான டிஎல்எஸ் சான்றிதழ்கள், லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் சான்றிதழ் நிறுவனம் தருபவை. அவற்றைப் பெறுவதும் புதுப்பிப்பதும் உபுண்டுவின் சொந்தத் தொகுப்பாக ஏபிடி என்னும் தொகுப்பு மேலாளர் வழியே நிறுவப்பட்டிருந்த செர்ட்பாட் 1.21 என்னும் கருவியின் வேலை. 90 நாள் செல்லும் சான்றிதழில் 30 நாளுக்கும் குறைவாக எஞ்சும்போது செர்ட்பாட் புதியதை வாங்கிவிடும். அதற்காக, சர்வரின் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியின் டைமர் ஒன்று நாளுக்கு இரண்டு முறை அதை எழுப்பும். யாரும் கைவைக்கத் தேவையில்லாமல் ஓடிய ஏற்பாடு என்பதாலேயே, அது யார் கண்ணிலும் படாத ஏற்பாடாகவும் ஆகியிருந்தது.

சர்வரில் ரூட் உரிமை (முழு நிர்வாக உரிமை) உள்ளவர்கள் இருவர். ஒருவர் கணினி நிர்வாகி. மற்றவர் தரவுப் பிரிவின் நிரலாளர். தரவுத்தளக் காப்புப் பிரதிகள் ஒழுங்காக எடுக்கப்படுகின்றனவா என்று பார்த்து அறிக்கை அனுப்பும் சிறிய பைதான் நிரல் ஒன்றை அவர் பராமரித்து வந்தார். வழங்கலில் இல்லாத மென்பொருள் எதுவானாலும் /யூஎஸ்ஆர்/லோக்கல் கோப்பகத்துக்குள் மட்டுமே போக வேண்டும், /யூஎஸ்ஆர் கோப்பகத்தின் மற்றப் பகுதிகளைத் தொடக் கூடாது என்ற எழுதாத விதி ஒன்று இருவரிடையேயும் இருந்தது. லினக்ஸ் கோப்பு அமைப்பு மரபுப்படி இது சரியான விதிதான்: அந்தக் கோப்பகம் நிர்வாகியின் தனிப்பட்ட நிறுவல்களுக்காகவே ஒதுக்கப்பட்டது, வழங்கலின் தொகுப்பு மேலாளர் அங்கே கோப்புகளை வைப்பதில்லை. இந்த நிகழ்வு முழுவதிலும் அந்த விதி ஒரு முறைகூட மீறப்படவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தொடக்கம்

அறிக்கை நிரலுக்குப் புதிய வசதி ஒன்றைச் சேர்த்த நிரலாளர், தம் மடிக்கணினியில், பைதான் தொகுதிகளை நிறுவும் பிப் கருவியின் ஃப்ரீஸ் கட்டளையால் எடுத்த சார்புப் பட்டியலை சர்வருக்குக் கொண்டுவந்து, சூடோவுடன் (அதாவது ரூட் உரிமையோடு) பிப் இன்ஸ்டால் கட்டளையை இயக்கினார். அப்படி எடுக்கும் பட்டியல், நிரலுக்கு உண்மையில் தேவையானவற்றை மட்டும் சொல்லாது. அந்த மடிக்கணினியில் அன்று இருந்த எல்லாவற்றையும் துல்லியமான பதிப்பு எண்களோடு சொல்லும். அந்தப் பட்டியலில் கிரிப்டோகிராஃபி என்னும் பைதான் தொகுதியின் மிகப் புதிய பதிப்பும் இருந்தது. சர்வரில் உபுண்டு தந்திருந்தது 3.4.8.

பிப் அந்தப் பழைய பதிப்பை நீக்க முயன்று, அது தன் எல்லைக்கு வெளியே இருப்பதால் நீக்கவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு, புதியதை /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்/பைதான்3.10/டிஸ்ட்-பேக்கேஜஸ் கோப்பகத்தில் வைத்தது. ரூட்டாக பிப்பை இயக்குவது தொகுப்பு மேலாளரோடு மோதக்கூடும், ஒரு நிரலின் தொகுதிகளைத் தனித்து வைக்கும் மெய்நிகர் சூழலைப் பயன்படுத்துங்கள் என்ற வழக்கமான எச்சரிக்கையும் வந்தது. நிரல் ஓடியது. அறிக்கையும் வந்தது.

செர்ட்பாட் நின்றது அந்தக் கணத்தில்தான். ஆனால் சான்றிதழ்கள் அதற்குச் சற்று முன்புதான் புதுப்பிக்கப்பட்டிருந்தன. எனவே அடுத்த இரண்டு மாதங்களுக்கும் மேலாக வெளியே எந்த அறிகுறியும் தெரியவில்லை.

சிக்கல் வெளிப்பட்டபோது கண்டவை

முதலில் காலாவதியானது ஏபிஐயின் சான்றிதழ். அதைப் பயன்படுத்தும் நிரல்கள் இணைப்பை மறுத்தன. உலாவியில் திறந்தவர்களுக்கு எச்சரிக்கைப் பக்கம் வந்தது. காலாவதி நெருங்கும்போது நினைவூட்டும் மின்னஞ்சல்களை லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனிலேயே நிறுத்திவிட்டதால், முன்கூட்டியே மணி அடிக்க எதுவும் இருக்கவில்லை.

நிர்வாகி முதலில் பார்த்தது செர்ட்பாட்டின் சொந்தப் பதிவுக் கோப்பை. அதில் பிழையே இல்லை. கடைசியாக வெற்றிகரமாக ஓடியதன் பதிவு இருந்தது, அதற்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. டைமர்தான் நின்றுவிட்டது என்று எண்ணி அதைச் சோதித்ததில் சிறிது நேரம் போனது. டைமர் ஒழுங்காக எழுப்பிக்கொண்டுதான் இருந்தது. சிஸ்டம்டியின் பதிவைப் பார்த்தபோதுதான் செர்ட்பாட் சேவை நாளுக்கு இரண்டு முறை தோல்வியடைந்து வந்தது தெரிந்தது. பதிவுக் கோப்பைத் திறக்கும் கட்டத்துக்கு முன்பே, தனக்குத் தேவையான தொகுதிகளை ஏற்றும்போதே செர்ட்பாட் விழுந்துவிட்டதால், அதன் சொந்தப் பதிவில் அந்தத் தோல்விக்குச் சுவடே இல்லை. பதிவுக் கோப்பில் பிழை இல்லை என்பதும் நிரல் பிழையின்றி ஓடியது என்பதும் ஒன்றல்ல.

கட்டளையைக் கையால் இயக்கியபோது வந்த பிழைச் செய்தியின் கடைசி வரி, ‘லிப்’ என்னும் தொகுதியில் எக்ஸ்509 என்னும் சான்றிதழ் வடிவம் தொடர்பான கொடி (ஒரு மாறிலி) ஒன்று இல்லை என்றது. அதற்கு மேலிருந்த வரிகள் எந்தெந்தக் கோப்பு வழியாகப் பிழை வந்தது என்று காட்டின. செர்ட்பாட்டின் தொடக்கக் கோப்பு, அதன் உட்பகுதிகள், கடைசியாக, செர்ட்பாட் நம்பியிருக்கும் பைஓப்பன்எஸ்எஸ்எல் தொகுதியின் கிரிப்டோ கோப்பு என அத்தனையும் /யூஎஸ்ஆர்/லிப்/பைதான்3 கோப்பகத்தைச் சேர்ந்தவை, உபுண்டுவே நிறுவியவை. /யூஎஸ்ஆர்/லோக்கல் என்ற சொல் அந்தச் செய்தியில் எங்குமே வரவில்லை.

முதல் கணிப்பு

செய்தியை அப்படியே படித்தால், வழங்கலின் தொகுப்பு ஏதோ பழுதாகிவிட்டது என்றுதான் தோன்றும். நிர்வாகியும் அப்படியே முடிவு செய்து செர்ட்பாட்டையும் பைஓப்பன்எஸ்எஸ்எல்லையும் ஏபிடி மூலம் மறுபடி நிறுவினார், பிழை மாறவில்லை. நிறுவிய கோப்புகளை அவற்றின் பதிவு செய்த சரிபார்ப்புத் தொகைகளோடு ஒப்பிட்டும் பார்த்தார். ஒரு கோப்பும் மாறியிருக்கவில்லை. ஏபிடி தடையின்றி இயங்கியதும் தவறான நம்பிக்கையைத் தந்தது. ஏபிடி சி++ மொழியில் எழுதப்பட்டது. பைதான் தொகுதிகள் எந்த நிலையில் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

எல்லாக் கோப்பும் சரியாக இருந்தும் நிரல் விழுகிறது என்றால், கோப்புகளின் நிலையைத் தாண்டி, எந்தக் கோப்பு எடுக்கப்படுகிறது என்பதைப் பார்த்தாக வேண்டும். கிரிப்டோகிராஃபி தொகுதி எந்தப் பாதையிலிருந்து ஏற்றப்படுகிறது என்று பைதானிடமே கேட்டபோது /யூஎஸ்ஆர்/லோக்கல் என்று பதில் வந்தது. விசாரணை திசை திரும்பியது அங்கேதான்.

காரணம்

டெபியனும் அதை அடியொற்றிய உபுண்டுவும் தரும் பைதான், தொகுதிகளைத் தேடும்போது பயனரின் தனிக் கோப்பகத்துக்குப் பின் /யூஎஸ்ஆர்/லோக்கல் கோப்பகத்தையும், அதற்குப் பிறகே வழங்கலின் சொந்தக் கோப்பகத்தையும் பார்க்கும். நிர்வாகி வேண்டுமென்றே ஒன்றை நிறுவினால் அது வெல்ல வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் அமைந்த வரிசை இது. ஆனால் அந்த வரிசை நிரலாளரின் அறிக்கை நிரலுக்கு மட்டும் உரியதல்ல. வழங்கலின் பைதானால் இயங்கும் ஒவ்வொரு கணினிக் கருவிக்கும் அதே வரிசைதான்.

எனவே செர்ட்பாட்டுக்குக் கிடைத்தது ஒரு கலவை. பைஓப்பன்எஸ்எஸ்எல் 21.0 உபுண்டு தந்தது. அது சார்ந்திருக்கும் கிரிப்டோகிராஃபி, பிப் தந்த புதியது. பழைய பைஓப்பன்எஸ்எஸ்எல் எதிர்பார்த்த சில உள் மாறிலிகளை புதிய கிரிப்டோகிராஃபி நீக்கிவிட்டிருந்தது. பிப் இந்த மோதலை ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி நியாயமானது. பைஓப்பன்எஸ்எஸ்எல்லின் அந்தப் பதிப்பு, கிரிப்டோகிராஃபிக்குக் குறைந்தபட்சப் பதிப்பை மட்டுமே கேட்டிருந்தது, மேல்வரம்பு வைக்கவில்லை. 22.1 பதிப்பிலிருந்து மேல்வரம்பும் வந்துவிட்டது. ஆகவே பிப்பின் கணக்கில் எல்லாம் பொருந்தியே இருந்தது.

பிழைச் செய்தியில் உண்மையான காரணி தென்படாததற்கும் இதுவே விளக்கம். இல்லாத மாறிலியைக் கேட்டது உபுண்டுவின் கோப்பு. இல்லை என்ற பதில் வந்ததும் அந்தக் கோப்பிலேயே பிழை எழுந்தது. இல்லாமல் இருந்த இடம் எது என்று சொல்ல வேண்டிய கடமை பிழைச் செய்திக்குக் கிடையாது.

/யூஎஸ்ஆர்/லோக்கல் வட்டில் தனி இடம். தேடலில் அது தனி இடமல்ல, முன்வரிசை. கோப்புகள் ஒன்றையொன்று மேலெழுதாமல் இருப்பதற்கு அந்தக் கோப்பகம் உத்தரவாதம் தரும். ஒன்று இன்னொன்றை மறைக்காமல் இருப்பதற்கு அது உத்தரவாதம் தராது. இருவரும் கடைப்பிடித்த விதி முதல் ஆபத்தை மட்டுமே தடுத்தது.

உடனடியாக எடுத்த முடிவு

ஏபிஐ நின்றுகிடந்ததால் முதலில் சான்றிதழ் வேண்டும். மூன்று வழிகள் பேசப்பட்டன. /யூஎஸ்ஆர்/லோக்கலில் இருந்த கிரிப்டோகிராஃபியை நீக்கிவிடலாம். ஆனால் அன்றிரவு ஓட வேண்டிய காப்பு அறிக்கை நின்றுவிடும். பைஓப்பன்எஸ்எஸ்எல்லையும் பிப் மூலம் உயர்த்திவிடலாம். நிரலாளர் இதைத்தான் முன்மொழிந்தார், அது உடனே பலித்தும் இருக்கக்கூடும். நிர்வாகி மறுத்தார். அப்படிச் செய்தால் செர்ட்பாட் 1.21 தன் பராமரிப்பாளர்கள் சோதித்தே பார்க்காத தொகுதிகளின் மேல் நிற்கும். அடுத்து எது இடறும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவர் முடிவு சரியானது என்றே நான் கருதுகிறேன்: மறைப்பால் வந்த பழுதை இன்னொரு மறைப்பால் தீர்த்தால், மறைக்கப்பட்ட தொகுதிகளின் பட்டியல் நீளும், அவ்வளவுதான்.

தேர்ந்தெடுத்த வழி, அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும் தேடல் வரிசையை மாற்றுவது. பைதான்பாத் என்னும் சூழல் மாறியில் குறிப்பிடும் கோப்பகங்கள் மற்றத் தொகுதிக் கோப்பகங்களுக்கு முன்னால் தேடப்படும். அதில் /யூஎஸ்ஆர்/லிப்/பைதான்3/டிஸ்ட்-பேக்கேஜஸ் கோப்பகத்தை வைத்து செர்ட்பாட்டை இயக்கியபோது, உபுண்டுவின் கிரிப்டோகிராஃபியே முதலில் கிடைத்தது. சான்றிதழ்கள் புதுப்பிக்கப்பட்டன, ஏபிஐ எழுந்தது. சூடோ வழக்கமாக இத்தகைய மாறிகளைக் கழித்துவிடும் என்பதால், ரூட் உரிமையுள்ள ஷெல்லுக்குள் (கட்டளைச் சாளரத்துக்குள்) சென்று மாறியை அமைத்தே இதைச் செய்ய வேண்டியிருந்தது. கணிப்பு சரி என்பதற்கான சான்றும் இதே ஓட்டத்தில் கிடைத்துவிட்டது: ஒரு கோப்பையும் மாற்றாமல், வரிசையை மட்டும் மாற்றியதும் பிழை மறைந்தது.

பைதானைத் தனிமைப்படுத்தி இயக்கும் ஐ விருப்பம் இங்கே உதவாது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அது சூழல் மாறிகளையும் பயனரின் தனிக் கோப்பகத்தையும் மட்டுமே ஒதுக்கும், /யூஎஸ்ஆர்/லோக்கலை ஒதுக்காது.

நிலையான ஏற்பாடு

செர்ட்பாட்டை ஸ்னாப் வடிவத்துக்கு மாற்றிவிடலாம் என்ற யோசனை வந்தது. செர்ட்பாட்டை உருவாக்குபவர்களே பரிந்துரைக்கும் வழி அது. அதில் அதன் தொகுதிகள் யாவும் அதனோடு அடைபட்டிருக்கும். ஆயினும் ஏற்கப்படவில்லை. செர்ட்பாட் தப்பினாலும், வழங்கலின் பைதானை நம்பியிருக்கும் மற்றக் கருவிகள் அதே வெயிலில்தான் நிற்கும். பாதித்ததை விட்டுவிட்டுப் பாதிக்கப்பட்டதை இடம் மாற்றுவதில் பொருளில்லை என்று முடிவாயிற்று.

ஆகவே அறிக்கை நிரலுக்கு /ஆப்ட் கோப்பகத்தின் கீழ் தனிக் கோப்பகமும் அதற்குள் பைதான் மெய்நிகர் சூழலும் அமைக்கப்பட்டன. அதன் சார்புகள் அனைத்தும் அந்தச் சூழலுக்குள்ளேயே நிறுவப்பட்டன. சிஸ்டம்டி சேவைக் கோப்பில் சூழலுக்குள் இருக்கும் பைதானின் முழுப் பாதை எழுதப்பட்டது. அப்படி எழுதினால் சூழலைத் தனியாகச் செயற்படுத்தத் தேவையில்லை. ஃப்ரீஸ் பட்டியலுக்குப் பதிலாக, நிரல் நேரடியாகப் பயன்படுத்தும் சில தொகுதிகளை மட்டும் கொண்ட சிறிய பட்டியலை நிரலாளர் எழுதினார்.

அடுத்த நாள் அறிக்கை புதிய இடத்திலிருந்து சரியாக வந்த பிறகே துப்புரவு தொடங்கியது. பிப் லிஸ்ட் கட்டளைக்குப் பாதையைக் கொடுத்து, /யூஎஸ்ஆர்/லோக்கலில் இருந்தவற்றை மட்டும் பட்டியலிட்டபோது, கிரிப்டோகிராஃபியைத் தவிரவும் உபுண்டுவின் தொகுதிகளை மறைத்துக்கொண்டிருந்த வேறு பல இருந்தன. அவை இன்னும் எதையும் உடைக்காமல் இருந்தது அதிர்ஷ்டம். ஒவ்வொன்றாக நீக்கி, செர்ட்பாட்டின் ஒத்திகை ஓட்டம் வெற்றி பெறுவதும் உறுதி செய்யப்பட்டது.

இனி யாரும் பழக்கத்தில் சூடோ பிப் அடித்துவிடாதிருக்க ஒரு தடையும் தேவைப்பட்டது. புதிய வழங்கல்களில் அது தானாகவே உண்டு: பைதானின் பெப் 668 பரிந்துரையை ஏற்று, டெபியன் 12-உம் உபுண்டு 23.04 முதலான பதிப்புகளும், கணினியின் பைதானுக்குள் பிப் நிறுவுவதை மறுக்கின்றன. உபுண்டு 22.04-இல் அது இல்லை. அதற்குரிய குறிப்புக் கோப்பை நாமே வைத்தாலும் அதில் வரும் பிப் 22.0 அதைப் படிக்காது, 23.0-இல்தான் அந்த ஆதரவு வந்தது. எனவே பிப்பின் பொது அமைப்புக் கோப்பில், மெய்நிகர் சூழலுக்கு வெளியே நிறுவுவதை மறுக்கும் விருப்பம் இயக்கப்பட்டது.

அதே தேடலில் கிடைத்த இன்னொன்று

பைதானில் நடந்தது, நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நூலகங்களிலும் நடந்திருக்குமா என்று பார்க்கத் தோன்றியது நிர்வாகிக்கு. தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் கருவியின் பதிப்பைக் கேட்டபோது ஒரே வரியில் இரண்டு எண்கள் வந்தன: கர்ல் 7.81, அதன் நூலகமான லிப்கர்ல் 8-ஆம் தலைமுறை. முன்பு எப்போதோ ஒரு தரவுப் பரிமாற்றக் கருவிக்காக மூலநிரலிலிருந்து கட்டிய லிப்கர்ல், /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் கோப்பகத்தில் இருந்தது. நிரல் ஓடும்போது நூலகங்களை ஏற்றும் இயங்குநேர இணைப்பியின் உபுண்டு அமைப்பில் அந்தக் கோப்பகம் கணினி நூலகங்களுக்கு முன்னால் வருவதால், நூலகப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் ஓடிய கணத்திலிருந்து வழங்கலின் கர்லும் அந்த நூலகத்தையே ஏற்றிக்கொண்டது.

இதற்கு எச்சரிக்கை இல்லாமலில்லை. உபுண்டு கட்டும் லிப்கர்லில் குறியீடுகளுக்கு, அதாவது அதன் செயற்கூறுகளின் பெயர்களுக்கு, பதிப்புப் பெயர்கள் உண்டு; இயல்பு விருப்பங்களோடு கையால் கட்டியதில் இல்லை. அதனால் கர்ல் ஓடும் ஒவ்வொரு முறையும், அந்த நூலகத்தில் பதிப்புத் தகவல் இல்லை என்ற வரி குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் அனுப்பும் மின்னஞ்சல்களில் வந்துகொண்டே இருந்தது. வேலை நடந்ததால் எல்லாரும் அதைத் தள்ளிவிட்டுப் படிக்கப் பழகியிருந்தனர். மேலும், கையால் கட்டியதில் எஸ்எஃப்டிபி (பாதுகாப்பான கோப்புப் பரிமாற்ற முறை) ஆதரவு சேர்க்கப்படவில்லை. கர்ல் வழியாக எஸ்எஃப்டிபி அனுப்பும் தம் ஸ்கிரிப்ட் ஒரு நாள் திடீரென மறுத்ததையும், காரணம் தெரியாமல் வேறு கருவிக்கு மாறிவிட்டதையும் நிரலாளர் அப்போதுதான் நினைவுகூர்ந்தார். நிரல்களின் பதிப்புகளைக் காக்கும் கிட் கருவி மட்டும் பாதிக்கப்படவில்லை. அது, குனூடிஎல்எஸ் என்னும் டிஎல்எஸ் நூலகத்தோடு கட்டிய வகை லிப்கர்லை வேறு பெயரில் தேடுவதால் தப்பியது.

லிப்கர்ல் /ஆப்ட் கீழ் தனி முன்னொட்டோடு (நிறுவல் கோப்பகத்தோடு) மறுபடி கட்டப்பட்டது. அந்தப் பாதை பொது இணைப்பி அமைப்பில் சேர்க்கப்படவில்லை. பரிமாற்றக் கருவியின் இயங்கு கோப்புக்குள்ளேயே ரன்பாத்தாக (நூலகங்களைத் தேடும் பாதையாக) எழுதப்பட்டது. நூலகத் தேடலை மாற்றும் எல்டி லைப்ரரி பாத் சூழல் மாறியைப் பொது ப்ரொஃபைலில் (உள்நுழையும் ஷெல் படிக்கும் அமைப்புக் கோப்பில்) வைப்பது எளிதாக இருந்திருக்கும். ஆனால் அது அந்த ஷெல்லிலிருந்து பிறக்கும் எல்லாக் கட்டளைகளுக்கும் தொற்றும், சிஸ்டம்டி சேவைகளுக்கோ போகவே போகாது. கையால் ஓட்டினால் ஒரு விளைவு, டைமர் ஓட்டினால் இன்னொரு விளைவு என்ற நிலையைத் தேடிப் போய் உருவாக்குவதாகும் அது.

ரன்பாத்திலும் ஓர் இடறல் வந்தது. அது அந்தக் கோப்பின் நேரடிச் சார்புகளுக்கு மட்டுமே பொருந்தும். சார்பின் சார்புகளுக்குப் பொருந்தாது. லிப்கர்ல் தன்னுடன் கட்டிய துணை நூலகத்தை விட்டுவிட்டுக் கணினியிலிருந்ததை எடுத்துக்கொண்டதால், லிப்கர்லுக்கும் அதன் சொந்த ரன்பாத்தை எழுத வேண்டியதாயிற்று.

பின் விளைவுகள்

அடுத்த சுற்றுப் புதுப்பிப்பு டைமர் மூலமே, யாரும் தொடாமல் நடந்தது. செர்ட்பாட் சேவை தோல்வியுற்றால் மின்னஞ்சல் அனுப்பும் துணைச் சேவை ஒன்று இணைக்கப்பட்டது. அது போக, வெளியிலுள்ள வேறொரு கணினி சான்றிதழ்களின் எஞ்சிய நாட்களை எண்ணிப் பார்க்கிறது. வாரம் ஒருமுறை ஓடும் சிறு ஸ்கிரிப்ட், பைதானின் /யூஎஸ்ஆர்/லோக்கல் கோப்பகத்தில் தொகுதி ஏதும் இருக்கிறதா, இணைப்பியின் பட்டியலில் /யூஎஸ்ஆர்/லோக்கல் நூலகம் ஏதும் கணினி நூலகத்தின் அதே பெயரில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறது.

பின்னர் சர்வர் உபுண்டு 24.04-க்கு உயர்த்தப்பட்டபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. பைதான் 3.12 ஆகிவிட்டதால், 3.10-க்கு உரிய /யூஎஸ்ஆர்/லோக்கல் கோப்பகத்தை இனி யாரும் தேடுவதில்லை. துப்புரவு செய்யாமல் இருந்திருந்தால்கூட மேம்படுத்தலோடு பழுது தானாக மறைந்திருக்கும், காரணம் யாருக்கும் புரியாமலே. நூலகங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அவற்றின் பாதையில் பதிப்பெண் கிடையாது, மேம்படுத்தலைத் தாண்டியும் மறைத்துக்கொண்டே இருக்கும். இரண்டாவது, அறிக்கை நிரலின் மெய்நிகர் சூழல் உடைந்தது. அது கணினியின் பைதானுக்கான இணைப்பையே வைத்திருந்ததால், பைதான் மாறியதும் பழைய தொகுதிக் கோப்பகம் அதன் கண்ணுக்குத் தெரியாமல் போனது. சிறிய பட்டியல் கையில் இருந்ததால் சூழலை அழித்து மறுபடி அமைப்பது சிரமமாக இல்லை. உடைந்ததும் அந்த ஒரு நிரல் மட்டுமே.

மாற்றிச் செய்ய வேண்டியவை

பழைய எழுதாத விதி இப்போது எழுதப்பட்டிருக்கிறது, சொற்கள் மாறி. வழங்கலுக்கு வெளியேயிருந்து வரும் எதுவும் /ஆப்ட் கீழ் தன் பெயரும் பதிப்பும் கொண்ட கோப்பகத்தில் இருக்க வேண்டும். பொதுவான எந்தத் தேடல் வரிசையிலும் அது தானாகச் சேரக் கூடாது. தேவைப்படும் நிரல் முழுப் பாதையைச் சொல்லி அதை அழைக்க வேண்டும். /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் கோப்பகத்தில் கட்டளை இணைப்புகள் வைக்கலாம், வழங்கலின் கட்டளை எதற்கும் அதே பெயர் இல்லாத வரை. புதிய பைதானை மூலநிரலிலிருந்து கட்டினால், பைதான்3 என்ற பொதுப் பெயரைத் தொடாத ஆல்ட்இன்ஸ்டால் முறையிலேயே நிறுவ வேண்டும். /யூஎஸ்ஆர்/பின்னில் உள்ள பைதான்3 இணைப்பை எக்காரணம் கொண்டும் திருப்பக் கூடாது.

மறுபடி இப்படி ஒன்று நேர்ந்தால் மறுநிறுவலில் தொடங்கப் போவதில்லை என்கிறார் நிர்வாகி. பழுதான கருவி எந்தக் கோப்புகளை எடுக்கிறது என்று கேட்பதே முதல் படி: பைதான் நிரலானால் தொகுதியின் பாதை, இயங்கு கோப்பானால் எல்டிடி காட்டும் நூலகப் பாதை, கட்டளையானால் ஷெல்லின் டைப் கட்டளை காட்டும் எல்லா இடங்களும்.

ஒரு விலையும் இருக்கிறது. உபுண்டுவின் கிரிப்டோகிராஃபிக்குப் பாதுகாப்புத் திருத்தம் வந்தால் ஏபிடி அதைக் கொண்டுவந்துவிடும். மெய்நிகர் சூழலுக்குள் இருக்கும் கிரிப்டோகிராஃபிக்கும் /ஆப்ட் கீழுள்ள லிப்கர்லுக்கும் யாரும் கொண்டுவரப் போவதில்லை. இப்போதைக்கு அவற்றைக் கவனிக்கும் பொறுப்பு நிரலாளரிடம் விடப்பட்டுள்ளது; அவர் விடுப்பில் இருக்கும்போது யார் பார்ப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை.